அரை டிக்கெட்

ஒரு பிள்ளை ஓரங்குலம் வளர்ந்தால் அந்தக் கேளிக்கைப் பூங்காவில் விலை அறுநூறு ரூபாய். நாலரை அடி வரை அரை டிக்கெட், தாண்டினால் முழு டிக்கெட்.

நான்கு வருடம் கழித்து ஊருக்குப் போகும் ஷார்ஜா துணிக்கடை அபுசாலி, மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் திட்டத்தை மனைவியிடம் போனில் சொல்லிக் குதூகலித்தான். "நூராவுக்கு அரை டிக்கெட்தான். மிச்சக் காசுக்கு ராட்டினத்தைப் பாத்த ரூம் போட்டுரலாம். ஒரு கட்டில் போதும், அவ நம்ம நடுவுலதான படுப்பா?"

"நல்ல வாப்பா நீங்க! அவ இப்ப நாலடி பதினொண்ணு. என் சுடிதார் அவளுக்குச் சரியா இருக்கு. தனிக் கட்டில் கேக்குறா."

அபுசாலி அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக் கோடு போட்டான். அவன் விட்டுவந்த நூரா நாலடி. அங்கேயும் ஒரு கோடு. நடுவே கையை விரித்துப் பார்த்தான், ஒரு சாண் போதவில்லை.

அன்று விடுதிக்காரனிடம் அவன் பேரமே பேசவில்லை. முழு டிக்கெட் மூன்று, கட்டில் இரண்டு. சுவரில் பாக்கி, பதினோரு அங்குலம்.