பெண் பார்க்கும் வரை

"ஒரே ஒரு பாட்டு போதும் பாய். பொண்ணு பாக்க வர்றவுக முன்னாடி எம்மக அத வாசிச்சுட்டா, அதோட பாடத்த நிறுத்திக்கிருவோம்."

காளவாசல் மரக்கடை உக்கிரபாண்டி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். பட்டாளத்துக்குப் பலகை சப்ளை செய்து, யுத்த காலத்தில் திடீரென்று தலையெடுத்த மனிதர். மாப்பிள்ளைப் பையன் பெங்களூரில் வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. இங்கிலீஷ் சங்கீதம் என்றால் உயிராம். வீணை வாசிக்கிற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், கிட்டார் வாசிக்கிற பெண் மதுரையில் எங்கே இருக்கிறாள் என்பது அவர் கணக்கு.

கிட்டார் வாத்தியார் பீர் முகமதுவுக்கு மனசு கசந்தது. சங்கீதம் என்ன, மாப்பிள்ளை பிடிக்கிற தூண்டிலா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் கேட்கவில்லை. மாணவர் என்று ஒருவர் கிடைத்ததே இப்போதுதான்.

ரங்கூனில் ஓட்டல் பாண்டு கோஷ்டியில் வாசித்தவர் அவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கிட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வந்த நாளாக மாணவர் தேடி அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். மாசி வீதி நகைக்கடைக்காரர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன இடுப்பு சிறுத்த வீணையா என்றார். நாகமலைப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில், எம்பிள்ளை கூத்தாடப் போகணுமா என்றார்கள். எல்லாரும் உட்காரவைத்து ஒரு பாட்டுக் கேட்டார்கள், மோர் கொடுத்தார்கள், அனுப்பிவைத்தார்கள்.

வயிற்றுப்பாட்டுக்குத் தையல் கடையில் காஜா எடுத்தார். விரலில் இருப்பதை யாருக்காவது கொடுக்க வேண்டுமே என்ற ஏக்கம் மட்டும் அவரைத் தின்றது.

உக்கிரபாண்டியின் மகள் தங்கப்பொண்ணு, பீர் முகமது நினைத்த மாதிரிப் பெண் இல்லை. வயதுப் பெண்ணுக்கு ஆண் வாத்தியார் என்பதால் உக்கிரபாண்டி பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்காருவார். அவள் அப்பா இருப்பதையே மறந்துவிடுவாள். சொல்லிக்கொடுத்ததை வாசித்துவிட்டு, "இதையே இன்னும் கீழ எறங்கி வாசிச்சா எப்படி இருக்கும் வாத்தியாரய்யா?" என்று கேட்பாள். கேட்டதோடு நிற்காமல் வாசித்தும் காட்டுவாள். பீர் முகமதுவுக்குக் கண் கலங்கிவிடும். இருந்த ஒரே கிட்டாரை அவளிடமே விட்டுவைத்தார்.

அந்த ஒரு பாட்டு எப்போதோ பாடமாகிவிட்டது. 'இன்னும் கொஞ்சம் மெருகேறணும்ணே' என்று பொய் சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினார். கடைசியில் அவர்கள் வருகிற நாளும் வந்துவிட்டது.

அன்று காலை சுருதி சேர்க்க உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒரு கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பாட்டு கெடும், சம்பந்தம் தட்டிப்போகும், மாணவி தங்குவாள். சைத்தான் காதோரம் வந்து உட்கார்ந்துவிட்டான். அஸ்தக்ஃபிருல்லாஹ், இறைவா மன்னித்துவிடு என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியையும் கச்சிதமாகச் சேர்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார். வீட்டையொட்டிய மரக்கடையில் பலகை அடுக்கின் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பலகாரம் ஆனது. பெண்ணை வாசிக்கச் சொல்லும்போது அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

தங்கப்பொண்ணு மீட்டினாள். கூடமே கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது முறையும் அதே கோணல். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கப்பொண்ணு தலையைத் தூக்கிப் பீர் முகமதுவைப் பார்த்தாள். நீங்களா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிற பார்வை.

உக்கிரபாண்டி எழுந்து கத்த ஆரம்பித்தார். பிள்ளை மேல் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்தவன் சரியில்லை, ரங்கூன் என்றதும் நம்பி ஏமாந்துவிட்டேன் என்று வந்தவர்கள் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பீர் முகமது, கையால் செய்யாததைக் காலையில் மனசால் செய்தாயிற்றே, அதற்கு இந்த ஏச்சு தகும் என்று தலை குனிந்து நின்றார்.

ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வண்டியேறினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பீர் முகமது கிட்டாரைத் திருப்பிக் கேட்காமலே கிளம்பினார். வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். மரக்கடை முனையில் உக்கிரபாண்டி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்துருங்க பாய்."

"இம்புட்டு நடந்ததுக்கு அப்புறமுமாண்ணே?"

உக்கிரபாண்டி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளையோட அம்மா வந்ததும் வராததுமா, கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கிட்டாருப் பெட்டியெல்லாம் எங்க வீட்டுக்கு ஆகாதுன்னுருச்சு. எம்மக அடுப்படியில நின்னு கேட்டா. அவ மொகத்த என்னால பாக்க முடியல. வீடு தேடி வந்தவுகள, பொண்ணு வீட்டுக்காரன் நான் வேணாம்னு சொல்ல முடியுமா? அவுகளா வேணாம்னு போகணும்ல. பழி புள்ள மேல விழுந்துறக் கூடாதுன்னுதான் ஒங்கள ஏசுனேன். மன்னிச்சுக்கங்க. அவகிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வாரேன்."

"என்ன சொன்னீக?"

"நான்தான்னு. எந்தக் கம்பியத் தொட்டா எது கெடும்னு எனக்கு என்ன தெரியும் பாய், கைக்குச் சிக்குனதையெல்லாம் திருகி விட்டுட்டேன். காலையில வெள்ளன வந்து சேத்துக் குடுத்துருங்க, அவ காத்துக்கிட்டு இருப்பா."