கதிர்காமத்து நேர்த்தி

"இந்தா, கதிர்காமத்து விபூதி," என்று நீட்டினார் குகதாசன். கனடாக் குடியுரிமை எடுத்த கையோடு ஊருக்குப் போனவர், நேற்றுத்தான் மொன்ட்ரியால் திரும்பியிருந்தார்.

பாலேந்திரா வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டான். கண் கலங்கியது.

"சிங்களச் சனமும் நாங்களும் ஒரே வரிசையில பழத்தட்டோடை நிண்டம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நீயும் ஏதோ நேர்த்தி வைச்சனியெல்லே, ஒருக்காப் போட்டு வாவன்."

"போகேலாது அண்ணை."

"சண்டை நிண்டு ஒரு வருசமாச்சு. இன்னும் ஆமிக்குப் பயமோ?"

"இல்லை."

"வேலையில லீவு தராயினமோ?"

"தருவினம்."

"அப்ப முருகனை ஏமாத்தப் போறியோ?"

பாலேந்திரா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து புதுப் பயணப் புத்தகத்தை எடுத்துவந்தான். அகதியாக ஏற்றுக்கொண்டபின் கனடா கொடுத்தது. அதில் அச்சடித்திருந்த வரியைக் குகதாசன் வாசித்தார். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும்.

அவருடைய குரல் இறங்கிவிட்டது. "முருகனுக்கு விளங்குமடா. அடுத்தமுறை போகேக்கை உனக்காக நான் செலுத்திவிடுறன். என்ன நேர்த்தி வைச்சனி?"

"இந்தப் புத்தகம் கிடைச்சால், நானே கொண்டுவந்து உன்ரை காலடியில வைச்சுக் கும்பிடுவன் எண்டு."