உப்புத் தட்டும் நாள்

அந்த ஊர்க் குழாயில் வருவது பாதி தண்ணீர், பாதி சுண்ணாம்பு. வாரம் முழுக்கப் படியும் உப்பு குழாயின் வாயையே அடைத்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே குழாய்களைக் கழற்றித் தரையில் வைத்துச் சுத்தியலால் தட்டும். வேலாயுதம் தன் மனைவி ஜெயசுதாவை அடிப்பதற்கு அந்த நேரத்தைத்தான் வைத்திருந்தான். வாயில் துண்டைத் திணித்து, குளியலறைச் சுவரில் அவள் தலையை மோதுவான். கீழ்வீட்டு ரெஜினா அண்ணாந்து சத்தம் கொடுப்பாள்: “நல்லா ஓங்கித் தட்டுங்க அண்ணாச்சி! லேசுல உதிராது.” அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை மோதுவான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பருப்பு வேகவில்லை என்று ஆரம்பித்தான். இந்தத் தண்ணீரில் எந்த வீட்டில்தான் பருப்பு வெந்தது? துண்டைக்கூடத் தேடவில்லை, முடியைப் பிடித்து வாளிக்குள் அவள் முகத்தை அமுக்கினான். மூக்கிலும் தொண்டையிலும் உப்புக் கரித்தது. தரையைத் துழாவிய கையில் கழற்றிப்போட்ட குழாய் பட்டது. அதன் பக்கத்திலேயே சுத்தியல். பார்க்காமலே பின்பக்கமாக ஓங்கி அடித்தாள். முடியைப் பிடித்திருந்த கை விட்டது. திரும்பியபோது அவன் சுவரோரம் சரிந்து கிடந்தான். தரையின் வெள்ளைப் படிவின்மேல் ரத்தம் ஊர்ந்து போனது.

வெளியே தெரு தட்டிக்கொண்டே இருந்தது.

“என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்? உதிர்ந்துட்டா?” என்றாள் ரெஜினா.

ஜெயசுதா முகத்து நீரை வழித்துவிட்டாள். அவன் இமைகள் அசைந்தன.

“இல்லக்கா,” என்று குரல் கொடுத்தாள். “இன்னும் கொஞ்சம் இருக்கு.”