அண்டாவுக்கு ஈடான குண்டான்

இயற்பியலின் இழைக் கோட்பாட்டில் கலாபி-யாவ் எனும் சுருண்ட வெளிகளை ஆராயும் அன்புமொழி, தங்கை மகனின் காதுகுத்துக்கு அண்டா வாங்க அம்மா மூக்காயியோடு புதுக்கோட்டைப் பாத்திரக் கடைக்குப் போனாள். அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பெரிய அண்டாவும் ஒரு சின்னக் குண்டானும் ஒரே ஓசை தந்தன.

அன்புமொழிக்குச் சிலிர்த்தது. “இதைத்தாம்மா ஆராயுறேன். ரெண்டு வெளிக்கும் வடிவத்துல சம்பந்தமே இருக்காது. ஆனா உள்ள அதிர்ற இழைக்கு ரெண்டும் ஒண்ணு. ஒண்ணுல போட முடியாத கணக்கை இன்னொண்ணுல போட்டுடலாம். கண்ணாடிச் சமச்சீர்னு பேரு. என்ன அழகு பாருங்க!”

“அப்ப, குண்டானே போதும்டி. அண்டாவை பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க.”

காதுகுத்தன்று அந்தக் குண்டானில் காய்ச்சிய பாயாசத்தை வல்லத்திராக்கோட்டை ஊரே குடித்தது. கழுவும்போது அதன் அடி புதிதாகவே இருந்தது.

மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். “நீங்க வாங்காம விட்டுட்டுப் போன அண்டா அடிபிடிச்சுக் கெடக்குங்க. கடையெல்லாம் ஏலக்காய் வாசம்.”