அணைத்த டிவி

"ஊர் டிவிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறே. உன் வீட்டு டிவியப் போட்டா பிள்ளை அழறா, அணைச்சா வாயப் பொளந்துகிட்டுப் பாக்கறா. இது என்னடா வியாதி?" என்றாள் அக்கா.

அவள் தம்பி டிவி மெக்கானிக். படம் வராத டிவி, சத்தம் வராத டிவி எல்லாம் பார்த்திருக்கிறான். படமே இல்லாத டிவியை மணிக்கணக்காகப் பார்க்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறான். அந்த ஆளுக்கு ஒன்றரை வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் பட்டாணி.

ஜன்னல் இல்லாத கூடம். பட்டாணி தரையில் உட்கார்ந்து, உயரத்தில் மாட்டியிருந்த டிவியை அண்ணாந்து பார்த்தாள். நடுவே இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"காது வலியோ?"

"வலிச்சா சிரிப்பாளாக்கா?"

ரிமோட்டை எடுத்தான். சத்தமே இல்லாமல் பொம்மைப் படம் போட்டான். அழுகை. வெளிச்சத்தைக் குறைத்தான். அப்போதும் அழுகை. அணைத்தான். கப்சிப்.

டிவிக்கு எதிரே, பின்பக்க அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து சாப்பிட வந்தாள் அவன் மனைவி. டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. சேர்ந்து இரண்டு வாரம். முதல் மூன்று நாள் பட்டாணி அந்தக் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதாள். கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள் என்று அக்காதான் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பழுப்புத் தாளை ஒட்டினாள். அழுகை நின்றது. டிவிப் பைத்தியம் பிடித்தது.

"சாயங்காலம் வேலைய விட்டுடறேன்னு எழுதி அனுப்பப் போறேன்," என்றாள் மனைவி, மடியில் ஏறிய பட்டாணியை அணைத்தபடி.

"ஏன்? அலைஞ்சு திரிஞ்சு கிடைச்ச வேலையாச்சே!" என்றான் மெக்கானிக்.

"வந்தா ஒட்டிக்கறா. போனா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. ஓடாத டிவி போதும் இவளுக்கு, அம்மா எதுக்கு?" என்றவள், நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அறையில் மேஜை விளக்கு எரிந்தது. பட்டாணி பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சனியனக் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடறேன்," என்று மெக்கானிக் ஸ்டூலில் ஏறினான்.

முன்னால் சாய்ந்திருந்த டிவியின் திருகாணியை லேசாகத் தளர்த்தினான். திரை கொஞ்சம் மேலே நிமிர்ந்தது. பட்டாணி வீறிட்டாள். பழையபடி சாய்த்தான். நிறுத்தினாள். மறுபடி நிமிர்த்தினான். வீறிட்டாள்.

"பிள்ளைய ஏன்டா அழவைக்கறே?"

"இரு அக்கா, இரு. பழுது எங்கன்னு தெரியப்போகுது."

மூன்றாம் முறையும் அதே கதைதான். திரையைப் பழைய சாய்வில் விட்டுவிட்டு இறங்கினான். பட்டாணிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, அவள் கண் மட்டத்துக்குத் தலையைக் கொண்டுவந்து, அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான்.

"என்னடா தெரியுது?"

கறுப்புத் திரையில், பழுப்புத் தாளுக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில் அவன் மனைவியின் நெற்றியும் கண்களும் மின்னின. அவள் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் பட்டாணி காதுகளைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அவ எதையும் எழுதி அனுப்பறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு நிமிஷம் தரையில உட்காரச் சொல்லு," என்றான் மெக்கானிக். ஸ்டூலில் ஏறி, அம்மாவின் முகம் இன்னும் நன்றாகத் தெரியும்படி திரையை இன்னும் ஒரு விரற்கடை சாய்த்துத் திருகாணியை இறுக்கினான். பிறகு டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினான்.