வாசலை யாரும் அளக்கவில்லை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேண்டுமானால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அவள் யானையின் வயிற்றுக்குள் இருந்தாள்.

தலைக்கு மேல் வெளிச்சம் ஒரு தோசையளவு தெரிந்தது. பிறகு அப்பளத்தளவு. பிறகு ஒரு சின்னக் கை வந்து அதையும் பூசி மெழுகிவிட்டுப் போனது.

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வாரமாக அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டை தெரிந்தால் அடையுங்கள். அடைத்ததும் தேயுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்காதீர்கள்.

கேட்கவில்லை.

தொடக்கப் பள்ளியின் நூலக அறை அது. மூன்றாம் வகுப்பு, பதினாறு பேர். வாசித்த கதையைக் கையால் செய்து பார்க்கும் வெள்ளிக்கிழமை. யானை உருவத்தில் மூங்கில் தப்பைகளைக் கட்டி, பழைய வினாத்தாள்களை ஊறவைத்து இடித்து, வெந்தயம் அரைத்துச் சேர்த்த கூழைப் பூசியிருந்தார்கள். உட்பக்கம் ஓரிடத்தில் மெலிந்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் டீச்சர் முதுகு வழியாக இறங்கினாள்.

வெந்தயக் கூழ் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று அறியாதவர்களுக்காக ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒருவர், அதில் செய்த கூடையின் மேல் லாரியை ஏற்றிப் பார்த்தார்.

லாரிக்கு டயர் மாற்ற வேண்டியதாயிற்று.

“டீச்சர், காத்து வருதுங்களா?”

தும்பிக்கை வழியாகக் குரல் வந்தது. சஷ்டிகா.

“வருது கண்ணு. மேல பூசினதை எடுத்துவிடு.”

“இப்பத்தானுங்க தேச்சோம். நல்லா வந்திருக்குதுங்க.”

டீச்சர் சிரித்தாள். முட்டினால் திறந்துவிடும், இன்னும் ஈரம்தான் என்று நினைத்தாள். கையைத் தூக்கினாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

வட்டாரக் கல்வி அலுவலர். அறையைக் காலி செய்து தர வேண்டும் என்று போன வாரம் கடிதம் போட்டவர். உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்க இடம் வேண்டுமாம். புத்தகங்களைச் சாக்கில் கட்டிவிடலாமாம்.

சாக்கில் போன புத்தகம் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

“வணக்கம் ஐயா” என்று பதினாறு குரல்கள் எழுந்தன. பிறகு பதினாறு விரல்கள் வாயின் மேல் போயிருக்கும். அதுவும் அவள் பழக்கியதுதான்.

“டீச்சர் எங்க?”

“யானைக்குள்ளங்க.”

“சரியாப் போச்சு. டீச்சரைவிட நீங்க நல்லாக் கதை விடுறீங்க.”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். யானையின் முதுகைப் பிளந்துகொண்டு எழுந்து அலுவலருக்கு வணக்கம் சொல்வது எப்படி என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

“செங்கோடா, முதல்ல இதைத் தூக்கி வெளிய வை.”

செங்கோடன் ஜீப் ஓட்டுபவர். பிள்ளைகளும் ஒரு கை கொடுத்தார்கள். சொன்ன வேலையைச் செய்கிற பிள்ளைகள். அவள் உள்ளே ஒரு பக்கமாக உருண்டாள். யானை வாசல் வரை போனது.

நின்றது.

தலையை முதலில் விட்டுப் பார்த்தார்கள். வாலை முதலில் விட்டுப் பார்த்தார்கள். ஒருக்களித்துப் பார்த்தார்கள்.

தும்பிக்கையை அளந்து செய்தவர்கள். காதை இரண்டு முறை அளந்தவர்கள். வாசலை யாரும் அளக்கவில்லை.

“செவுத்த இடிச்சாத்தானுங்க சார் போகும்” என்றார் செங்கோடன்.

அலுவலர் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். சுவரை இடிக்கப் பொறியாளர் வர வேண்டும். மதிப்பீடு போட வேண்டும். மேலே அனுப்ப வேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்கு இன்னும் நாலு வருடம்தான் இருந்தது.

“அப்ப உடைச்சுப் போடு.”

பிள்ளைகள் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

செங்கோடன் ஜாக்கிக் கம்பியால் ஓங்கி ஒன்று போட்டார். உள்ளே அவளுக்குக் காது அடைத்தது. வெளியே கம்பி வளைந்தது.

“எங்கயாச்சும் இளசா இருக்கான்னு தட்டிப் பாரு.”

தட்டிக்கொண்டே வந்தார். கால். வயிறு. கழுத்து.

இளசான இடம் ஒன்றுதான். அவள் தலைக்கு நேர் மேலே, இன்னும் காயாத அந்த அப்பளம். அவளுடைய இடுப்பில் காகிதம் வெட்டும் கத்தி இருந்தது. ஒரு கீறல் போதும், வெளியே வந்துவிடலாம். அதே கீறலில் கம்பியை நுழைத்து நெம்பினால் யானை நாலு துண்டு. நாலு துண்டும் வாசல் வழியாகப் போய்விடும். அதன் பின்னால் புத்தகச் சாக்குகள்.

அவள் கத்தியை எடுத்தாள்.

முனையை ஈரத்தின் மேல் வைத்தாள்.

தட்டுகிற சத்தம் முதுகில் ஏறியது.

கத்தியைக் கீழே போட்டாள். காலடியில் மிச்சமிருந்த கூழை இரண்டு கையாலும் அள்ளினாள். மேலே அப்பினாள். தேய்த்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது போலவே, வட்டம் வட்டமாக. இன்னொரு கை. இன்னொரு கை. பிறகு உள்ளங்கைகளை அங்கேயே வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

டொக், என்றது.

“இங்கயும் கல்லாட்டத்தான் இருக்குதுங்க சார்.”

அலுவலர் குறிப்பேட்டில் எழுதினார்: அறையில் யானை உள்ளது. காலி செய்ய இயலவில்லை.

எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். இட்லி தும்பிக்கை வழியாகப் போகிறது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் தும்பிக்கையில் வாய்வைத்துக் கதை வாசிக்கிறார்கள். பிழையாக வாசித்தால் வயிறு கனைக்கிறது. மாறுதல் உத்தரவு இரண்டு முறை வந்தது. ஆளைக் காணோம் என்று திரும்பிப் போயிற்று.

நாலரை மணிக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். அறையைப் பூட்டுகிற சத்தம் மட்டும் உள்ளே வருகிறது.

சூடத்தை நான் இன்னும் அணைக்கவில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று ஓர் அறை என்றைக்குமே இருந்ததில்லை.