விரல்நுனிப் பஞ்சு

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. உட்கார இடமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்றபடியே அக்கா, தங்கை பேச்சியின் கையைப் பிடித்திருந்தாள்.

இரண்டு கையிலும் குத்திப் பார்த்தாகிவிட்டது. குத்திய இடமெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. ரத்தம் ஏற்ற ஒரு நரம்பு அகப்படவில்லை.

தண்ணியே குடிக்கிறதில்லையா என்று நர்ஸ் சலித்துக்கொண்டாள்.



உப்பளத்தில் ஒதுங்க ஒரு மறைப்புக் கிடையாது. வெயில் தாழும்வரை பொம்பளைகள் யாரும் தண்ணீரைத் தொடமாட்டார்கள். மாதக்கணக்கில் உதிரம் நிற்காமல் போனபோதும் பேச்சி அப்படியேதான் உப்பு வாரினாள். இங்கே வந்தும் பழக்கம் விடவில்லை. காலையில் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மூடி திருகாமல் தலைமாட்டில் நின்றது.

நரம்பு தேட ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

முழங்கைக்கு மேலே ஜில்லென்று பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினாள் நர்ஸ். திரையில் சாம்பலாய் என்னவோ கலங்கியது. நடுவில் இரண்டு கறுப்பு வட்டம்.

அமுக்கினாள்.

ஒன்று அமுங்காமல் துடித்தது. அதில் குத்தக்கூடாதாம்.

மற்றது சட்டென்று மூடிக்கொண்டது. அதுதான் வேண்டியது.

கையைத் தளர்த்தியதும் திறந்தது. அரைமனசாய்.

கீழே ரத்த வங்கியில் நடந்ததை அக்கா இன்னும் பேச்சியிடம் சொல்லவில்லை. விரல்நுனியில் குத்திப் பார்த்தவன், உனக்கே ரத்தம் ஏத்தணும்மா, நீ எங்க குடுக்கிறது என்று பஞ்சை ஒட்டி அனுப்பிவிட்டான்.

அவளுடைய தலைப்பிரசவத்தில் உயிர் தங்கியது பேச்சி கொடுத்த ரத்தத்தில். அன்றைக்கு யாரும் கேட்பதற்கு முன்னாலேயே போய்ப் படுத்தவள் பேச்சி.

ஊசிமுனை திரையில் வெள்ளைப் புள்ளியாய் இறங்கியது. வட்டம் உள்வாங்கிக் குழிந்தது. கிழிந்துவிடுமோ என்றிருந்தது.

புள்ளி வட்டத்துக்குள் நின்றது.

நர்ஸ் மூச்சு விட்டாள். பிளாஸ்திரி ஒட்டி, குழாயைத் திறந்துவிட்டாள். ரத்தம் சொட்டத் தொடங்கியது.

பேச்சி தலையைத் திருப்பி, மேலே தொங்கிய பையைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

“உன்னோடதாக்கா? அப்ப இனி எனக்கும் வாய் நீளும்.”

அக்கா சிரித்துவைத்தாள்.

பஞ்சு ஒட்டிய விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

நாளைக்கும் ஒண்ணு ஏத்தணும், ஆள் இருக்கா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நர்ஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பையில் இருந்தது யாரோ ஒரு முகம் தெரியாதவனுடையது.

அவளிடமிருந்து எடுத்தது ஒரு துளி.

பேச்சிக்கு அவள் தரவேண்டிய ஒரு பாட்டில் ரத்தம் பாக்கி.